எட்டுக் கம்பிகளின் வரிசை



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கம்போங் ராஜாவில் எங்கள் பிள்ளைகளின் வகுப்பறை வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இணையப் பெட்டி முன்கூடத்தில் இருந்தது. பிள்ளை படிப்பதோ பின்னறையில். நடுவே செங்கல் சுவர். கம்பியில்லா அலை அங்கே போவதற்குள் இளைத்துவிடும். ஆகவே கேபிள் வாங்கி, இரு முனைகளிலும் பிளக்கை நாங்களே பொருத்தினோம். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. மகிழ்ந்து போனோம்.

ஆனால், பாடத்தின் நடுவே ஆசிரியரின் முகம் அப்படியே உறைந்து நிற்கும். "நீ ஏதோ விளையாட்டைத் திறந்து வைத்திருக்கிறாய்" என்று பிள்ளையை ஏசினோம். பிள்ளை அழுதது. குற்றம் எங்கள் கையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கேபிளின் உறையை உரித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். இம்முறுக்கு அழகுக்கன்று. தோட்டத்து லாரியில் இருவர் நின்றுகொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். லாரி பள்ளத்தில் விழுந்து எழும்போது இருவரும் சேர்ந்தே எழுவார்கள். அவர்களிடையே உள்ள உயர வேறுபாடு மாறாது. அதுபோல, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும். கருவி அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். தொலைபேசிக் கம்பிக்காக 1881-இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

நாங்கள் செய்த பிழை, ஜோடிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கியதுதான். பார்வைக்கு அதுவே ஒழுங்காகத் தோன்றும். ஆனால் மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் ஒரே ஜோடிக்கு உரியவை. பிளக்கின் பொன்னிறத் தகடுகள் நம்மைப் பார்க்க, கேபிள் கீழ்நோக்கித் தொங்க, இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இதே வரிசை வேண்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. மலிவான சோதனைக் கருவி கம்பி போய்ச் சேர்ந்ததா என்று மட்டுமே சொல்லும். எது எதற்கு ஜோடி என்பது அதற்குத் தெரியாது.

வாங்கும்போது 'கேட் 5 ஈ' என்ற வகையே வீட்டுக்குப் போதும். 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட் கொண்டுபோகும். கொஞ்சம் கூடக் கொடுத்து 'கேட் 6' வாங்கினாலும் தவறில்லை. அதற்கு மேலானது வீண் செலவு. எண்ணைவிட உலோகம் முக்கியம். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மடக்கினால் எளிதில் ஒடியும். கேமரா போன்றவற்றுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பினால் அதிகமாகச் சூடாகும். விலை குறைவென்று வாங்காதீர்கள்.

எங்கள் கேபிள் செம்புதான். முனைகளை வெட்டி, புதுப் பிளக் போட்டதும் வகுப்பு தடையின்றி ஓடியது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அதைக் கண்டு அடுத்த லயத்து அக்கா, தம் வீட்டுக்கும் கூரைவழியே ஒரு கேபிள் இழுத்துத் தரச் சொன்னார். மாட்டோம் என்றோம். நம் மலையில் பிற்பகல் இடி புதிதல்ல. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கம்பி போனால், அருகே விழும் மின்னலின் அதிர்ச்சி அதன்வழியே இரு வீடுகளுக்குள்ளும் புகும். கருவி எரிவது இருக்கட்டும், அதைத் தொட்டுக்கொண்டிருப்பது பிள்ளையல்லவா? கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழைக் கேபிள்தான் ஏற்றது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அக்காவுக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. கம்பியில்லா இணைப்பின் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தோம். அவர் வீட்டு முன்வாசல் வரை அலை எட்டியது. அவருடைய பிள்ளைகள் அங்கே பாய் விரித்துப் படித்தார்கள்.