கதவைப் பூட்டும் உரிமை யாருக்கும் வேண்டாம்



வட அயர்லாந்தை 1921 முதல் 1972 வரை ஒரே கட்சிதான் ஆண்டது. தேர்தல் நடந்தது, ஆட்சி மாறவில்லை. அங்கே புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. அரசியல் பெரும்பான்மை வேறு, வகுப்புப் பெரும்பான்மை வேறு என்றார் அம்பேத்கர். அந்த வேறுபாட்டுக்கு அங்கே கத்தோலிக்கச் சிறுபான்மையினர் சாட்சி. வீட்டுக்கும் வேலைக்கும் சமமான வாக்குக்கும் அவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அடுத்த முப்பதாண்டு மோதலில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள்.

1998 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம் இரு தரப்பும் சேர்ந்தே ஆள வேண்டும் என்றது. முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும்.

பாதுகாப்புக்கு வந்த விதி பூட்டாகவும் மாறியது. 2017இல் சின் ஃபெய்ன் விலகியது, மூன்றாண்டு அரசு இல்லை. 2022இல் டியுபி விலகியது, இரண்டாண்டு இல்லை. 2024 ஜனவரியில் செவிலியர், ஆசிரியர், பேருந்துத் தொழிலாளர் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பிப்ரவரியில் அரசு திரும்பியது. விதி அப்படியே இருக்கிறது.

இதைக் காட்டி, பழைய பெரும்பான்மை ஆட்சியே மேல் என்பவர்களை நம்பாதீர்கள். தன்னை நசுக்கும் சட்டத்தைத் தடுக்கும் உரிமை சிறுபான்மைக்கு வேண்டும். அவையையே மூடும் உரிமை எந்தக் கட்சிக்கும் வேண்டாம். ஒரு கட்சி நாற்காலியை மறுத்தால், ஏற்க முன்வரும் அடுத்த கட்சிக்கு அது போகட்டும். அதிகாரப் பகிர்வைக் காப்பாற்ற அதுவே வழி.