குவாதலூப் செல்வோர்க்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரையின் தலைப்பைக் கண்ட நண்பர்கள் சிலர், "அம்மா, இது இலக்கிய விழாவா, சுற்றுலாத் துறையின் கூட்டமா?" என்று கேட்டார்கள். சிற்றிலக்கியத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவள் கரீபியன் தீவு ஒன்றிற்குப் போய்வரும் வழியைப் பேசுவதா என்பது அவர்தம் ஐயம். தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாறி மாறிக் கூடும் நம் வட்டத்தில், இந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் கொண்டோர் நால்வரேனும் உள்ளனர். அவர்கள் நான் செய்த பிழைகளைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

நம் இரண்டு ஊர்களிலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அந்தத் துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள்தாம் தமிழரைப் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்றன. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றோர் பலர் பழைய முதலாளிகளிடம் வேலை செய்ய மறுத்தனர். தோட்டத்திற்கு ஆள் வேண்டியிருந்தது. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினீக் தீவையும், 1854 டிசம்பர் 24ஆம் நாள் குவாதலூப் தீவையும் அடைந்தது. 1861இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. 1889 வரையில் குவாதலூப்பிற்கு மட்டும் நாற்பத்திரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லியே ஏற்றினார்கள். திரும்பியவர் சிறுபான்மையினர்.

நம் பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் அந்தப் புதுச்சேரியில்தான் வாழ்ந்தார். கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரை அவர் பாடியது பிஜித் தீவை முன்னிட்டு. தாம் நடந்த கடற்கரையிலிருந்தே கப்பலேறியவரைப் பற்றி அவர் பாடாமற் போனது என் மனத்தில் நெடுநாளாய் உள்ள ஒரு குறை. அது நிற்க.

என் தந்தையின் பாட்டி, திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், ஆடி மாதத்தில் ஒரு விளக்கைத் தனியே ஏற்றுவாராம். "புதுச்சேரிக் கப்பலில் போனவனுக்கு" என்பாராம். போனவர் பெயர் வீரப்பன். எந்தத் தீவு, எந்த ஆண்டு என்று எவர்க்கும் தெரியாது. அந்த ஒரு பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாண்டுகளுக்கு முன் நான் புறப்பட்டேன்.

முதற் பிழை நுழைவிசைவில் நேர்ந்தது. குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ நாணயம் அங்குச் செல்லும். ஆகவே ஐரோப்பாவுக்குரிய 'ஷெங்கன்' இசைவு போதும் என்று நான் பணம் கட்டிய பயண முகவர் உறுதி கூறினார், நானும் நம்பினேன். போதாது. கடல்கடந்த மாவட்டங்கள் ஷெங்கன் எல்லைக்குள் அடங்கா. அவற்றுக்குச் செல்லும் என்ற குறிப்புடன் தனி இசைவு வேண்டும். மறுபுறம், பாரிசில் நீங்கள் பெரும்பாலும் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, நகரின் தென்புறத்து ஒர்லி நிலையத்திற்குத் தரைவழியே சென்று வேறு விமானம் ஏறுவீர்கள். அதற்கு ஷெங்கன் இசைவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்டு விண்ணப்பியுங்கள். நான் சென்னையில் விமானம் ஏறப்போன இடத்தில் தடுக்கப்பட்டு, பயணச்சீட்டுப் பணத்தை இழந்து, இரண்டு மாதம் கழித்தே புறப்பட்டேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய நம் உறவினர்க்கு இத்தொல்லை இல்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது தனிக்கதை.

பாரிசிலிருந்து தீவுக்கு எட்டு மணி நேரத்திற்கும் சற்று மிகையான பறப்பு. அங்கு நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னே. அக்காலத்துப் பாய்மரக் கப்பலுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல மூன்று மாத அளவு பிடித்தது என்பதை எண்ணிக்கொண்டால், ஒர்லியில் காத்திருப்பது ஒரு துன்பமாகத் தோன்றாது.

எப்போது செல்வது? டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம், பயணத்திற்கு ஏற்றது. ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். 1989 செப்டம்பரில் 'ஹியூகோ' என்னும் புயல் அத்தீவைச் சிதைத்தது. 2017இல் 'மரியா' வந்தது. 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சல் வெள்ளத்தையும் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையையொட்டி ஆகஸ்டில் சீட்டு எடுக்க நினைப்போர் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க.

தீவின் வடிவம் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி. மேற்குச் சிறகில் மலையும் காடும், 1467 மீட்டர் உயரமுள்ள 'சூஃப்ரியேர்' எரிமலையும் உள்ளன. கிழக்குச் சிறகு தாழ்ந்த கரும்பு நிலம். நம்மவர் வழித்தோன்றல்கள் இரண்டிலும் உள்ளனர். பேருந்துகள் மாலைக்குப் பின் அரிது. ஞாயிற்றுக்கிழமை அரிதினும் அரிது. கோயிற் பூசைகளோ பெரும்பாலும் ஞாயிறன்றே நிகழ்கின்றன! ஆகவே இருவர் மூவராகச் சேர்ந்து வாடகைக்குக் கார் எடுப்பதே தக்கது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுச் செல்க. வண்டிகள் வலப்புறம் ஓடும் நாடு அது. கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லாமல் பொருளின் விலையைக் கேட்டால் முகம் திருப்பிக்கொள்வர். விலையோ பிரான்சை விடவும் மிகை. ஏறத்தாழ எல்லாப் பொருளும் கப்பலில் வருவதே காரணம்.

கடற்கரையில் ஒரு மரத்துக்கு அஞ்சுங்கள். 'மான்சினில்' என்பர். சிறிய பச்சை ஆப்பிள் போன்ற காய், தின்றால் நஞ்சு. அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே இலைவழிச் சொட்டும் நீர் கொப்புளம் எழுப்பும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி வைத்திருக்கிறார்கள். நிழல் கண்டால் அமரும் நம் கவிஞர்கள் குறித்துக்கொள்க.

உணவைப் பற்றிக் கேட்பீர்கள். 'கொலொம்போ' என்று ஒரு குழம்பு. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு சேர்ந்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ இட்டுச் செய்வது. குழம்பு என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்பாரும் உளர், கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். நாவில் வைத்த கணத்தில் நான் முதற்கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஆய்வாளர் இப்படிப் பேசக் கூடாதுதான். புலால் உண்ணாதார் தம் இசைவின்மையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டம் போட்ட துணியைத் தலையில் முடிச்சிட்டுக் கட்டிய பெண்களை விழாக்களில் காணலாம். அத்துணியின் பெயர் அங்கு 'மதராஸ்'.

கப்பெஸ்தேர் என்னும் ஊரில், ஷாங்ஜி என்ற இடத்தில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே நம் கோயில் ஒன்று வண்ணச் சிலைகளோடு நிற்கிறது. அவ்வூரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904இல் வழக்குத் தொடங்கி, 1923 வரை போராடி வென்றவர். அங்குச் செல்வோர் அவர் பெயரை அறிந்து செல்க. ஒரு தமிழாசிரியைக்கு அப்பெயர் தெரிந்திருக்கிறது என்பதில் அவ்வூரார் கொண்ட மகிழ்ச்சி பெரிது. மார்த்தினீக் சென்றால் பாஸ்-புவாந்த் என்ற ஊரையும் காண்க. கவிஞர் எமே செசேர் 1913இல் பிறந்த ஊர் அது. 1939இல் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதையில் இந்தியர் குறிக்கப்படுவது கல்கத்தாக்காரராக. அவர் ஊரைச் சுற்றிய தோட்டங்களில் கரும்பு வெட்டியவருள் பெரும்பாலார் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள். பெரிய கவிஞர்தாம், ஆயினும் அண்டை வீட்டாரின் ஊர் எது என்று கேட்டிருக்கலாம்.

மாரியம்மன் அங்கு 'மலியெமென்'. மதுரைவீரனுக்கும் நாகூர் ஆண்டவருக்கும் ஒரே வளாகத்தில் வழிபாடு உண்டு. நாகூரார்க்குக் கொடிமரம் ஏற்றுகிறார்கள். தப்பும் மத்தளமும் 'தப்பு', 'மத்தலோன்' என்ற பெயரோடே ஒலிக்கின்றன. கிடா வெட்டு உண்டு. காண மனம் ஒவ்வாதவர் ஒதுங்கி நிற்கலாம், முகம் காட்டக் கூடாது. படம் எடுக்கும் முன் இசைவு கேளுங்கள். எந்தச் சாதி என்று எவரையும் கேளாதீர்கள். நம்மூர்க்காரர் ஒருவர் கேட்டாராம். அது இன்னும் அங்குப் பேசப்படுகிறது.

இனி என் பெரும்பிழை. ஒரு சிறு கோயிலில் முதிய பூசாரி ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு எழுத்தில் கையால் எழுதிய பழைய நோட்டுப் புத்தகம் மடியில் இருந்தது. பொருள் அவர்க்குத் தெரியாது. தந்தையிடம் கேட்டு மனனம் செய்த தமிழ். ழகரமும் றகரமும் எங்கோ போய்விட்டன; சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இருபதாண்டு வகுப்பறைப் பழக்கம் என்னை விடவில்லை. பாட்டு முடிந்ததும் இரண்டு சொற்களைத் திருத்திச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. நோட்டை மூடினார், "உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே பாடுங்கள்" என்று பிரெஞ்சில் கூற, உடன் வந்த பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அப்பாட்டில் முழுதாக நான்கு அடி கூடத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பிறகு பாடவேயில்லை. பூசை முடிந்து வாழையிலையில் சோறு இட்டபோது என் இலையில் அவரே பரிமாறினார். அதை உண்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

வீரப்பன் கிடைத்தாரா என்பீர்கள். கூர்பேர் என்ற ஊரில் மாவட்ட ஆவணக் காப்பகம் உள்ளது. நம் பெயர்கள் எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. முத்துசாமி 'முத்துசமி' எனவும் வீரப்பன் 'விரப்பென்' எனவும் ஆகிக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டன. நான் புரட்டிய ஏடுகளிலேயே பல வீரப்பன்கள். எவர் எம்மவர் என்று துணிய என்னிடம் வேறு சான்று இல்லை. எனவே தேடிச் செல்வோர் இங்கேயே வீட்டு முதியோரிடம் கேட்டு, போனவரின் தந்தை பெயர், தாய் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற நான்கையும் எழுதிக்கொண்டு செல்க. முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கியபோது விளக்கு ஏற்றியவர் மட்டுமன்றி அதைப் பார்த்தவர்களும் மறைந்திருந்தார்கள்.

கையுறையாக எதைக் கொண்டுசெல்வது? நெய்யில் செய்த இனிப்பும் பால்கோவாவும் வேண்டா. பாற்பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய விதிப்படி உள்ளே நுழையா. வேப்பங்கன்று, கறிவேப்பிலை போன்றனவும் சான்றின்றி நுழையா. குங்குமம், திருநீறு, சிறு மணி ஆகியவை போதும். பக்கத்துத் தீவான திரினிதாதுக்கும் செல்ல நினைப்போர், திரும்பி வரும்போது நம் நாட்டு அதிகாரிகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பர் என்பதை மறவாதீர்கள். புறப்படப் பத்து நாளுக்கு முன்னரேனும் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

விடைபெறும்போது அந்தப் பூசாரி என்னிடம் ஒன்று கேட்டார். மாரியம்மன் தாலாட்டு அச்சில் இருந்தால் ஒரு படி வேண்டுமாம். தம் பேத்தி தமிழெழுத்துக் கற்கத் தொடங்கியிருக்கிறாளாம். திண்டிவனம் கடைத்தெருவில் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று வாங்கி, சொற்களைப் பிரித்து, ஓரத்தில் ஒலிக்குறி இட்டு வைத்திருக்கிறேன். அஞ்சலில் ஒருமுறை அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. உங்களுள் முதலில் செல்பவர் என் வீட்டுக்கு வந்து அதைப் பெற்றுச் செல்லுங்கள். கோயிலுக்குப் போகும் வழியைத் தாளில் வரைந்து தருகிறேன்.