மழையை நிறுத்தச் சொல்ல ஒரு வெள்ளைக் குதிரை

இந்த எபிசோட்ல, கியோட்டோவுக்கு வடக்கே மலைக்குள்ள இருக்கிற கிஃபுனே கோயிலுக்குப் போன கதை. இது ஷிண்டோ கோயில். தெய்வத்தோட பேர் தகா ஒகாமி. மழை, ஊற்று, ஆறு எல்லாம் இந்தத் தெய்வத்தோட பொறுப்பு.

தெமாச்சியனாகி ஸ்டேஷன்ல எய்சான் ரயில் ஏறி, கிபுனேகுச்சியில இறங்கணும். அங்கிருந்து ஓடையை ஒட்டி ரெண்டு கிலோமீட்டர் ரோடு. பஸ் இருக்கு, ஆனா நடந்தே போங்க. ஊரோட பேர் கிபுனே, கோயிலுக்கு மட்டும் கிஃபுனே. ஜப்பான் மொழியில ப, க மாதிரி அழுத்தி ஒலிக்கிற எழுத்துகளை 'கலங்கின ஒலி'ன்னு சொல்வாங்க. தண்ணி கலங்கக் கூடாதுன்னு பேரையும் கலங்காம வச்சிருக்காங்க!

ரெண்டு பக்கமும் சிவப்பு விளக்கு வச்ச படிக்கட்டை இன்ஸ்டாவுல பார்த்திருப்பீங்க. அதை விடுங்க. மேல ஏறினா ஒரு கறுப்புக் குதிரை, ஒரு வெள்ளைக் குதிரை சிலை நிக்கும். என்னை நிறுத்தினது அதுதான்.

அந்தக் காலத்துல மழை பெய்யலைன்னா அரசவையில இருந்து கறுப்புக் குதிரையைக் காணிக்கையா அனுப்புவாங்க. மழை நிக்கலைன்னா வெள்ளைக் குதிரை. பிற்பாடு நிஜக் குதிரைக்குப் பதிலா பலகையில வரைஞ்ச குதிரை. ஜப்பான் கோயில்கள்ல வேண்டுதல் எழுதித் தொங்கவிடுற 'எமா' பலகை இங்கிருந்துதான் வந்ததுன்னு கோயில்ல சொல்றாங்க.

மழை கேட்டு வேண்டுறது நமக்குப் புரியும். "போதும், நிறுத்து"ன்னும் அதே சாமிகிட்டயே கேட்கிறாங்க பாருங்க! கேட்டுத்தான் ஆகணும். கோயிலை ஒட்டி ஓடுற இந்தத் தண்ணி கடைசியில காமோ ஆத்துல சேர்ந்து, அன்னைக்குத் தலைநகரமா இருந்த கியோட்டோ வழியாத்தான் போகுது.

வெள்ளக்குறி பார்க்கிற சீட்டும் இல்லை இது, தண்ணிக்குறி: வெறும் வெள்ளைத் தாள்தான் தருவாங்க. அங்கிருக்கிற தண்ணியில மிதக்க விட்டா எழுத்து மெல்ல மேல வரும். கூட்டம் அங்கேதான்.

பெரும்பாலானவங்க அதோட திரும்பிடுறாங்க. நீங்க ரோட்டுல இன்னும் மேல போங்க. 'ஒகுமியா' வரும். பெரிய மரங்கள், ஆளரவமே இல்லை. கோயில் முதல்ல இருந்த இடமே இதுதான். 1046-ல வெள்ளம் வந்து சேதமாக, 1055-ல இப்போ இருக்கிற இடத்துக்கு மாத்தினாங்க. தண்ணி சாமி கோயிலையே தண்ணி விடலை! ஆனா சாமியை யாரும் கைவிடலை. பழைய இடத்தையும்தான். ஒகுமியா கட்டடத்துக்கு அடியில டிராகன் துளை ஒண்ணு இருக்காம், யாரும் பார்க்கக் கூடாது.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2020 ஜூலை மழையில மலை சரிஞ்சு, நான் வந்த அதே ரயில் பாதையில இச்சிஹாராவுக்கு மேல ஒரு வருஷத்துக்கும் அதிகமா ரயில் ஓடலை. 2021 செப்டம்பர்லதான் திரும்ப விட்டாங்க.