ஐம்பதிலும் வளையலாம்: வேற்று மொழியொன்றைத் தன்பாட்டில் கற்றல்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர் அக்கா, நான் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ சொல்வேன் என்று நினைத்திருப்பார். அவற்றைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான வைத்தியர்கள் எங்கள் பழைய மாணவிகளுக்குள்ளேயே பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. வளர்ந்து, குடும்பமாகி, வகுப்புக்குப் போக வசதியில்லாத நிலையில் ஒரு வேற்று மொழியைத் தன்பாட்டில் எப்படிப் படிக்கலாம் என்பதுதான் அது. ஒரு வைத்தியர் இதை ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வைத்தியசாலையில்தான் இருக்கிறது.

நான் ஜேர்மனியில் வேலை செய்கிறேன். எங்கள் பெண்கள் பலர் வைத்தியரிடம் வரும்போது பத்து, பதினொரு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மொழி சொல்வதற்காக. தாய்க்கு மாதவிடாய் மூன்று வாரமாக நிற்கவில்லை. அதை மகனிடம் எப்படிச் சொல்வது? "வயிற்றுக்குள்ள நோகுதெண்டு சொல்லு" என்கிறார். பிள்ளையும் அதையே சொல்கிறது. வைத்தியர் வயிற்று வலிக்கு மருந்து எழுதுகிறார். மார்பில் கட்டியென்றால் இன்னும் மோசம். அந்தச் செய்தியை முதலில் கேட்பது பிள்ளை. அதைத் தாய்க்குச் சொல்ல வேண்டியதும் பிள்ளை. என்னிடம் வருபவர்கள் தமிழில் கதைக்கலாம். ஆனால் கதிர்ப்படப் பிரிவிலும் மகப்பேற்றுப் பிரிவிலும் மருந்துக்கடையிலும் நான் இருக்கமாட்டேனே.

அதனால் மொழி படிப்பதை நான் உடம்பைப் பார்த்துக்கொள்வதன் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். முப்பத்தொரு வயதில், கைக்குழந்தையோடு, ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல் அங்கு போய் இறங்கினேன். குழந்தையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக வழியில்லை. முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே படித்தேன். அந்த அனுபவத்திலிருந்து ஆறு விடயங்களைச் சொல்கிறேன். எந்த மொழிக்கும் இவை பொருந்தும். உதாரணங்களை மட்டும் எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியிலிருந்து தருகிறேன்.

முதலாவது, எதற்காகப் படிக்கிறோம் என்பதை முடிவுசெய்ய வேண்டும். ஐரோப்பாவில் மொழியறிவை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜேர்மன் குடியுரிமைக்குப் பொதுவாக பி1 போதும். வைத்தியராக அனுமதி பெறுவதற்கு மருத்துவ மொழியில் சி1 தரம் வேண்டும். அதற்கான பரீட்சையில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம்: நோயாளியுடன் உரையாடுதல், அதை அறிக்கையாக எழுதுதல், இன்னொரு வைத்தியருக்கு அதை விளக்குதல். என் இலக்கு அது. உங்கள் இலக்கு பிள்ளையின் ஆசிரியையோடு கதைப்பதாக இருக்கலாம். "மொழியைப் படிக்க வேண்டும்" என்று தொடங்கினால் அது கடல். "வருகிற செவ்வாய்க்கிழமை பல் வைத்தியரிடம் நான் சொல்ல வேண்டிய பத்து வசனங்கள்" என்று தொடங்கினால் அது ஒரு வாளித் தண்ணீர். அள்ளிவிடலாம்.

இரண்டாவது, ஆங்கிலத்தின் வழியாக மட்டும் போகாதீர்கள். தமிழையும் துணைக்குக் கூப்பிடுங்கள். குளிர்கிறது என்பதை ஆங்கிலத்தில் "நான் குளிராக இருக்கிறேன்" என்ற அமைப்பில்தான் சொல்வார்கள். அதே அமைப்பில் ஜேர்மனில் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ஜேர்மன்காரர் "மியர் இஸ்ட் கால்ட்" என்பார். மியர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது! எனக்குத் தலை சுற்றுது, எனக்குக் குமட்டுது, எனக்குப் பிடிக்குது என்று நாங்கள் நான்காம் வேற்றுமையில் சொல்லும் பலவற்றை அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் திணறுகிற இடத்தில் எங்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும். தமிழில் எட்டு வேற்றுமை படித்த எங்களுக்கு அங்குள்ள நான்கு பெரிய பாரமில்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. கையுறையை அவர்கள் "கைச் சப்பாத்து" என்று சேர்த்துச் சொல்வார்கள். வைத்தியசாலையை "நோயாளர் வீடு" என்பார்கள். தொகைச்சொல் படித்த பிள்ளைக்கு நீண்ட ஜேர்மன் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. அவற்றையும் அடையாளம் கண்டு வையுங்கள். 24 என்பதை அவர்கள் "நான்கும் இருபதும்" என்று சொல்வார்கள். 42 "இரண்டும் நாற்பதும்". அவசரத்தில் கேட்டால் இலக்கம் புரண்டுவிடும். மருந்தின் அளவிலும் தொலைபேசி இலக்கத்திலும் இது விளையாட்டல்ல. அதனால் நான் தினமும் வீதியில் போகும் கார்களின் இலக்கத் தகடுகளை வாய்விட்டு வாசித்தேன்.

மூன்றாவது, காதுக்கு முதலிடம் கொடுங்கள். அந்த மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். பெட்டி கட்டுவதற்கும் பாண் வெதுப்புவதற்கும் ஜேர்மனில் இரண்டு சொற்கள். முதல் ஒலி மட்டும்தான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் "பக்கன்" ஆகிவிடும். இந்த உரையில் நான் தமிழில் எழுதிக் காட்டுவது உங்களுக்கு விளங்குவதற்கு மட்டும். படிப்பதற்கு அல்ல. ஒரு மணித்தியாலம் வானொலியைப் பின்னணியில் ஓடவிடுவதைவிட, மூன்று நிமிடத் துண்டு ஒன்றைப் பத்துத் தரம் கேட்பது பயன் தரும். டொய்ச்ச வெல என்ற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் நிதானமாக வாசிக்கும் செய்திகளையும் ஆரம்ப நிலைப் பாடங்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு வசனம் வசனமாக நிறுத்தி எழுதுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கடைசியாக, பேசுபவரின் குரலை ஒட்டியே நீங்களும் சொல்லுங்கள். புதுமுறை ஒன்றும் இல்லை. இந்தக் கல்லூரியில் ஆரம்பப் பிரிவில் எங்களுக்குச் செய்வித்த சொல்வதெழுதுதல்தான் இது.

நான்காவது, மறதிக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த உடனேதான் மறதி மிக வேகமாக நடக்கிறது, போகப்போகத் தணிகிறது, இடைவெளி விட்டு மீட்டால் நிலைக்கிறது என்பது அவர் கண்டது. ஆகவே ஒரே இரவில் நூறு சொல் படிப்பது வீண். 1970களில் செபஸ்தியான் லைட்னர் என்ற பத்திரிகையாளர் இதற்கு எளிய வழி ஒன்றைப் பிரபலமாக்கினார். ஒரு பெட்டியை ஐந்து அறையாகப் பிரியுங்கள். அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் புதிய மொழி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்த அட்டை முதலாம் அறைக்குத் திரும்பும். முதலாம் அறையைத் தினமும் பாருங்கள், பின்னறைகளை மெல்லமெல்ல இடைவெளி கூட்டிப் பாருங்கள். என் பெட்டி ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி. இப்போது கைத்தொலைபேசியிலும் இதே முறை இருக்கிறது.

இரண்டு கவனங்கள். அட்டையில் தனிச்சொல்லை எழுதாமல் முழு வசனத்தை எழுதுங்கள். பெயர்ச்சொல்லென்றால் அதன் பாலையும் சேர்த்தே எழுதுங்கள். ஜேர்மனில் பாலுக்கும் பொருளுக்கும் எப்போதும் தொடர்பிருக்காது. சிறுமியைக் குறிக்கும் "மேட்ஷன்" என்ற சொல் அங்கே ஆணுமல்ல, பெண்ணுமல்ல, மூன்றாவதான அஃறிணைப் பால்! மகளிர் கல்லூரியில் படித்த எங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கோபம் வந்தால் மறக்காது.

ஐந்தாவது, வாயைத் திறவுங்கள். கண்ணால் படித்தவர் கண்ணால்தான் கதைப்பார். சமைக்கும்போது "வெங்காயம் வெட்டுகிறேன், உப்புப் போடுகிறேன்" என்று அந்த மொழியில் சொல்லிக்கொண்டே சமையுங்கள். கேட்க அடுப்பு மட்டும்தான் இருக்கும், அது சிரிக்காது. பிறகு ஒரே கடைக்கு, கூட்டமில்லாத ஒரே நேரத்தில் போங்கள். வழமையாக வரும் முகமென்றால் கடைக்காரரும் பொறுமையாகக் கேட்பார். அவர் ஆங்கிலத்துக்கு மாறினால், "நான் படிக்கிறேன், தயவுசெய்து மெதுவாக ஜேர்மனில் சொல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்தை முதல் நாளே மனனம் செய்யுங்கள். எனக்கு அதிகம் உதவியவர் மாடிப்படியில் சந்தித்த அயலவரான ஒரு முதிய பெண்மணி. அவருக்குக் கதைக்க ஆள் வேண்டும், எனக்குக் கேட்க ஆள் வேண்டும். தனிமையில் இருக்கும் முதியவர்கள் எந்த நாட்டிலும் நல்ல ஆசிரியர்கள்.

ஆறாவது, தினமும் இருபத்தைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் அதற்கு ஈடாகாது. குழந்தை தூங்கும் நேரமோ பஸ்ஸில் போகும் நேரமோ, நாளுக்கு ஒரு நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். மருந்தைப் போலத்தான். ஏழு நாள் மாத்திரையை ஒரே நாளில் விழுங்கி யாரும் சுகமாவதில்லை.

தன்பாட்டில் படிப்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. எங்கள் பிழை எங்கள் காதுக்குப் பழகிவிட்டால் அதைப் பிறகு கழற்றுவது கடினம். எழுதியதையும் பேசியதையும் திருத்த இடைக்கிடை ஓர் ஆள் வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு, பரீட்சைக்கு முன், நானும் வகுப்புக்குப் போனேன். ஆனால் அங்கே போகும்போது எனக்கு எது தெரியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது பாதிச் செலவை மிச்சப்படுத்தியது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சொல்லி எத்தனையோ அக்காமார் என்னைத் தட்டிக்கழித்திருக்கிறார்கள். உச்சரிப்பு சிறுவயதில் இலகுவாக வரும் என்பது உண்மை. ஆனால் இலக்கணத்தை விளங்கிக்கொள்வதிலும், தேவையானதைத் தெரிந்தெடுப்பதிலும், ஒழுங்காக உட்காருவதிலும் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் பலம் அதிகம். அந்தப் பழமொழி மரத்துக்குச் சொன்னது. நாக்குக்கு எலும்பில்லை.

எங்கள் மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பிறகு 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றியலும் இரண வைத்தியமும் தமிழ் நூல்களாக வந்தன. அன்று அவருக்கு ஒலிப்பதிவும் இல்லை, இணையமும் இல்லை. வளர்ந்த பிறகுதான் எங்கள் மொழியைப் படித்தார். ழகரம் எவ்வளவு சரியாக வந்ததோ தெரியாது, நோயாளியின் மொழியில் மருத்துவம் நடக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. ஓர் அந்நியர் எங்களுக்காகச் செய்ததை நாங்கள் எங்களுக்காகச் செய்யலாம்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். லண்டன், டொரொன்டோ, ஒஸ்லோ, பாரிஸ், சூரிச் என்று எங்கள் பழைய மாணவிகள் இல்லாத நகரம் குறைவு. பல வருடமாக அங்கே வாழும் அக்கா ஒருவரும் புதிதாக வந்த தங்கச்சி ஒருவரும் சோடி சேர்ந்து, வாரத்துக்கு அரை மணித்தியாலம் தொலைபேசியில் அந்த நாட்டு மொழியில் மட்டும் கதைப்பதற்கு ஒரு பட்டியல் தயாரிக்கலாம். மண்டபமும் வேண்டாம், காசும் வேண்டாம். கல்லூரியில் மேல் வகுப்பு அக்காமார் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த பழக்கத்தின் தொடர்ச்சிதான் அது. முதலாவது பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஜேர்மனிக்கு வருகிற எந்தத் தங்கச்சிக்கும் ஞாயிறு மாலை அரை மணித்தியாலம் என்னிடம் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் இரண்டு மொழி தெரிந்தவர்களாக வளரட்டும். ஆனால் தாயின் நோயை வைத்தியருக்குச் சொல்லும் பாரம் அவர்கள் தோளில் வேண்டாம். அதை எங்கள் வாயாலேயே சொல்லப் பழகுவோம்.