ஜானவாசக் காரும் அதன் பின்னே வந்த காரும்



காவிரிக் கரையூர்களின் பழைய வீடுகளில், பரண்மீது வட்டமான தகரப் பெட்டி ஒன்று அபூர்வமாகக் கிடைப்பதுண்டு. வசதி படைத்த குடும்பத்தினர் தம் இல்லத்துத் திருமணங்களை 16 மில்லிமீட்டர் காமிராவில் பிடித்து வைத்த படச்சுருள் அதனுள் இருக்கும். மேலே ஒட்டிய சீட்டு உதிர்ந்திருக்கும். படத்தில் இருப்போரை அடையாளம் சொல்லத் தக்கவர்களும் மறைந்திருப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு, திருவிடைமருதூர்த் தேரோடும் வீதியில் நடந்த ஜானவாச ஊர்வலம் அச்சுருளில் பதிந்துள்ளதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் நடுவே நாகஸ்வரக்காரர் வருகிறார். பின்னால் திறந்த மோட்டாரில் மாப்பிள்ளை வீற்றிருக்கிறார். மாப்பிள்ளை யார்? தாத்தாவா, அவருடைய மூத்த மகனா? தந்தைக்கும் மகனுக்கும் முகச்சாயல் ஒன்றே. வீட்டாருக்குள் இதுபற்றி இரண்டு கட்சி இருப்பது இயல்பு.

முதலில் சுருளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கோடக் நிறுவனத்தார் தம் படச்சுருள் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்னும் சிறு குறிகளை அச்சிட்டு, சுருள் தயாரான ஆண்டை அவற்றால் உணர்த்தினர். ஆனால் பிரபவ முதலிய நம் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது போல, அக்குறிகளும் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்தன. நம் சுருளின் குறி 1940 என்று சொன்னால், 1960 என்றும் சொல்லும்! வழக்கு தீரவில்லை. இனி மோட்டாரைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

மாப்பிள்ளை அமர்ந்த காரை நோக்குவோம். முகப்பு விளக்குகள் மட்கார்டுக்குள் அடங்காமல் தனித்து நிற்கின்றன. ரேடியேட்டர் செங்குத்தாக நிமிர்ந்திருக்கிறது. சக்கரத்தின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. இவை யாவும் 1920-களின் அடையாளங்கள். 1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்டு டி மாடல் வண்டிகள் பெரும்பாலும் மர ஆரக்கால் உடையவை. அடுத்து வந்த ஏ மாடலில் கம்பி ஆரக்கால்களைக் காண்கிறோம். டி மாடலிலேயும் தொடக்க கால வண்டிகளில் ரேடியேட்டர் பித்தளையால் ஆனது. 1917-ஆம் ஆண்டு மாடல் முதல் அது கறுப்பாயிற்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டால் என்ன? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பித்தளை பளிச்சிடும், கறுப்பு பளிச்சிடாது.

இத்துடன் "படம் 1940-ஐச் சேர்ந்தது, மாப்பிள்ளை தாத்தாவே" என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. ஜானவாசத்துக்கென்றே பழைய திறந்த கார்களைப் பேணி வாடகைக்கு விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. 1920-களின் கார் 1960-இலும் மாப்பிள்ளையைச் சுமந்திருக்கலாம். 1958-இல் வந்த இரண்டு படங்களை எண்ணிப் பாருங்கள். ரித்விக் கட்டக் எடுத்த "அஜாந்திரிக்" என்னும் வங்கப் படத்தின் நாயகன், கிழட்டு ஷெவர்லே டாக்ஸி ஒன்றன் மீது உயிரையே வைத்திருக்கிறான். அவ்வண்டி 1920-ஆம் ஆண்டினது. "சல்தி கா நாம் காடி" என்னும் இந்திப் படத்தின் வேடிக்கை வண்டியோ 1928-இன் ஷெவர்லே. வண்டியை மட்டும் பார்த்துக் காலம் கணிப்பவர் இவ்விரு படங்களிலும் 30 ஆண்டுக்குக் குறையாமல் தவறுவார். ஒரு கார், "நான் பிறப்பதற்கு முன் இப்படம் எடுக்கப்படவில்லை" என்று மட்டுமே சாட்சி சொல்லும். அதற்கு மேல் அதனிடம் கேட்பது அநியாயம்.

ஆகையால் அலங்கரித்த காரை விட்டு, கூட்டத்துக்கு அப்பால் பாதி மறைந்து நிற்கும் மற்றொரு காருக்கு வருவோம். அதன் பின்பக்கம் மாத்திரமே தெரிகிறது. அதனால் கவலையில்லை, பின்பக்கமே நமக்கு வேண்டும். வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த லேண்ட்மாஸ்டர், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசையைத் தழுவியது. அதன் பின் மட்கார்டு உருண்டு தணிந்திருக்கும். மூன்றாம் வரிசையைத் தழுவி 1957-58-இல் வந்த அம்பாஸடரிலோ மட்கார்டின் மேல்விளிம்பு மீனின் துடுப்பைப் போலச் சற்றே எழுந்து முடியும். பானெட்டையும் காண முடிந்தால் நல்லது: லேண்ட்மாஸ்டரினது வழவழப்பானது, அம்பாஸடரினது நீளவாக்கில் வரிகள் கொண்டது. கிரில்லை நம்பிப் பயனில்லை. பழைய வண்டிக்குப் புதிய கிரில்லைப் பொருத்துவது நம் பட்டறைக்காரர்களுக்கு அரைநாள் வேலை. மட்கார்டை அப்படி மாற்றுவார் அரியர்.

பியட் 1100 ஆக இருந்தால் கதவு திறக்கும் வரை காத்திருங்கள். பழைய பியட்டின் முன்கதவுக்குக் கீல் நடுத்தூணில் இருக்கும். கதவு பின்னோக்கித் திறக்கும். பிற்கால பத்மினியில் கீல் முன்னே வந்துவிட்டது. கதாநாயகி காரிலிருந்து இறங்கும் காட்சிகளை இனி நீங்கள் வேறு கண்ணுடன் காண்பீர்கள்!

ஸ்டியரிங் இடப்புறம் தெரிந்தால் அயல்நாட்டுக் கார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சுருளைப் புரட்டி மாட்டியிருந்தாலும் அவ்வாறே தெரியும். கடைப் பலகையின் எழுத்தையோ, சட்டைப் பை எந்த மார்பில் இருக்கிறது என்பதையோ பார்த்தால் விளங்கிவிடும்.

நம் ஊர்வலத்துக்கு மீள்வோம். பின்னே நின்ற வண்டியின் மட்கார்டில் துடுப்பு எழுந்திருக்கிறது, அது அம்பாஸடர். 1940-இல் அம்பாஸடர் இல்லை. ஆகவே விளிம்புக் குறி 1960-ஐயே சுட்டுகிறது. அதே குறி 1980-க்கும் பொருந்துமே என்று நீங்கள் கேட்கலாம். அம்பாஸடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால், அதைக் கொண்டு 1980-ஐ விலக்க இயலாது. ஆனால் மூத்த மகனின் வயதை அறிந்த வீட்டார் விலக்குவார்கள். சுருள் கடையிலோ அலமாரியிலோ ஓரிரு ஆண்டு தூங்கியிருக்கவும் கூடும். பூஜை அறையில் பழைய கல்யாணப் பத்திரிகை ஏதேனும் அகப்பட்டு, அதில் சார்வரி என்றோ, அதை அடுத்த பிலவ என்றோ வருஷப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.