கேட்பவரின் முகம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"தொலைக்காட்சியில் தேர்தல் விவாதம்" பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் நம் செயலாளர். நான் அரசியல்வாதி அல்ல. திரையில் வந்தவனும் அல்ல. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியவன். விஷன் மிக்ஸர் என்பார்கள். மூன்று காமிராக்களின் படமும் என் முன்னால் இருக்கும். இயக்குநர் "இரண்டு" என்றால் இரண்டாம் பொத்தான். வீட்டில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

இதே மண்டபத்தில் நாம் பேச்சுப் போட்டி நடத்தியிருக்கிறோம். ஒருவர் பேசும்போது எதிரணிக்காரர் என்ன செய்தார் என்று யாராவது கவனித்தோமா? அவர் நகம் கடிப்பார், துண்டுச் சீட்டைத் தேடுவார். அது அவர் பாடு. தொலைக்காட்சி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. கேட்டுக் கொண்டிருப்பவரின் முகமும் பரீட்சைக்கு வந்துவிட்டது.

1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோ நகரின் சி.பி.எஸ். ஸ்டுடியோவில் கென்னடியும் நிக்சனும் மோதினார்கள். இயக்கியவர் டான் ஹெவிட். நிக்சன் முழங்கால் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, உடம்பு இளைத்து வந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு. பின்னணியும் சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆள் சுவரோடு கலந்து போனார். கென்னடிக்குக் கருநிறக் கோட்டு, எடுப்பாகத் தெரிந்தது. இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவரைக் காட்டும் 'ரியாக்‌ஷன் ஷாட்' எத்தனை, எப்போது என்பதில்தான் இரு தரப்பு ஆலோசகர்களுக்கும் கண்ட்ரோல் ரூமில் வாக்குவாதம். நிக்சன் வியர்வையைத் துடைத்தது அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது.

வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் வென்றார், திரையில் பார்த்தவர்களுக்குக் கென்னடி வென்றார் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரமான கணிப்பில் வானொலி கேட்டவர்கள் சொற்பம். ஆகவே அதை அப்படியே நம்ப முடியாது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஆனால் அரசியல்வாதிகள் நம்பிவிட்டார்கள். அடுத்த அதிபர் விவாதத்துக்கு 16 வருஷம் ஆனது!

1976இல் பிலடெல்பியாவில் ஃபோர்டும் கார்ட்டரும். நடுவில் ஒலி போய்விட்டது. சரிசெய்ய 27 நிமிஷம். அவ்வளவு நேரமும் இருவரும் அவரவர் மேசைக்குப் பின்னால் சிலை மாதிரி நின்றார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு இல்லை, முகம் மட்டும் ஒளிபரப்பானது. 2000இல் அல் கோர், புஷ் பேசும்போது விட்ட பெருமூச்சுதான் மறுநாள் பேச்சானது. அவர் சொன்ன வாதங்கள் பின்னுக்குப் போயின.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2001 சட்டமன்றத் தேர்தல் சமயம். நான் வேலை பார்த்த நிலையத்தில் ஒரு தொகுதியின் மூன்று வேட்பாளர்களை உட்கார வைத்து நேரலை. அதில் ஒருவர் பெரியவர். எதிரே இருந்த இளைஞர் ஏரி தூர் வாருவது பற்றிப் புள்ளிவிவரமாக அடுக்கிக் கொண்டிருந்தார். மூன்றாம் காமிராவில் பெரியவர் கண்ணை மூடியிருந்தார். இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே பொத்தானை அழுத்தினேன். நாலு விநாடி. கண்ட்ரோல் ரூமில் சிரிப்பு. எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே தொகுதியிலிருந்து அவருக்குத் தகவல் வந்துவிட்டது. வெளியே போகும்போது என் முன்னால் நின்றார். நான்தான் செய்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"தம்பி, நான் தூங்கல. எனக்கு ஒரு காது சரியாக் கேக்காது. கண்ணை மூடினாத்தான் பேச்சு புரியும். அந்தப் பையன் நல்லாப் பேசுனான், அதான் கூர்ந்து கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். கோபப்படவில்லை. தேர்தலில் தோற்றார். என்னால்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது. ஆனால் அந்த மூன்று பேரில் எதிராளி பேச்சை உண்மையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் தூங்குமூஞ்சி என்று ஊருக்குக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். இயக்குநர் கேட்டாலொழிய, பேசுகிறவரை விட்டு நானாக விலக மாட்டேன். சில இயக்குநர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. போகட்டும்.

2024 ஜூனில் அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் விவாதித்தபோது அரங்கில் பார்வையாளர் இல்லை, ஒருவர் பேசினால் மற்றவர் ஒலிவாங்கி மௌனம். ஆனாலும் பாதித் திரையில் கேட்பவர் முகம் இருந்தது. ஒலியை நிறுத்தினார்கள், முகத்தை நிறுத்த மனசு வரவில்லை.

நண்பர்களே, நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் பத்து விநாடித் துண்டுகளாகத் தேர்தலைப் பார்க்கிறார்கள். அடுத்த முறை ஒரு தலைவர் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கும் முன், எங்கோ ஓர் இருட்டறையில் ஒருவன் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறான் என்று நினைத்துக் கொள்ளுங்கள். அவன் என் மாதிரி ஆளாகவும் இருக்கலாம்.