வீட்டிற் செய்யும் சீன ஊறற்சாறு

கொழும்பு நகரத்துச் சீன உணவகங்களிலே செந்நிறமும் பளபளப்பும் உடையதாய்த் தட்டில் வந்து சேரும் வாட்டிய விலா இறைச்சியைச் சுவைத்தவர் பலர். அதனை வீட்டிற் செய்ய முயன்றவர் சிலர். அச்சுவை ஏதோ ஒரு போத்தலுக்குள் அடைபட்ட இரகசியம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் அது, வாட்டுவதற்கு முன் இறைச்சியை ஊறவைக்கும் ஒரு சாற்றின் சுவையே. அதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள அடுக்களைகளில் ஏற்கெனவே இருப்பவை.

தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்தில் இவ்வகை வாட்டலுக்குச் 'சார் சியூ' என்று பெயர். கவைக்கோலிற் குத்தி வாட்டியது என்பது அதன் பொருள். அன்னாசிப்பூ, கராம்பு, கறுவா, பெருஞ்சீரகம், சீன மிளகு என்னும் ஐந்தையும் பொடித்த தூளை அதற்குச் சேர்ப்பர். சீன மிளகு கிடையாதவிடத்து நம் நாட்டு மிளகே போதும். சீனர் இடுவது தடித்த வேறொரு பட்டை; இலங்கைக் கறுவாவின் மணம் அதனினும் மென்மையானது. ஆதலின் அதனைச் சற்றுக் கூட்டியிடலாம்.

ஒரு கிலோ இறைச்சிக்குரிய அளவு இது: சோயா சோஸ் 4 மேசைக்கரண்டி, கித்துள் பாணி 3 மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி, இடித்த உள்ளி 5 பல், துருவிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, ஐந்து சரக்குத் தூள் 1 தேக்கரண்டி. சோயா சோஸிலேயே உப்பு மிகுதியாக உண்டு. வேறு உப்பு வேண்டுவதில்லை. செந்நிறம் விரும்புவோர் சிறிது பீற்றூட் சாறு சேர்க்கலாம்.

ஒவ்வொன்றும் செய்யும் தொழிலை அறிந்தாற் கை தவறாது. உப்பு மெல்ல மெல்லத் தசைக்குள் இறங்கி, வாட்டும்போது ஈரம் வற்றிவிடாமற் காக்கும். சரக்கின் மணமோ பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அதனாலேயே இறைச்சியை ஆங்காங்கு கீறிவிட்டு, ஓர் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்தல் நன்று. இனிப்புப் பொருளும் புரதமும் வெப்பத்திற் கூடும்போது பழுப்பு நிறமும் புதுமணமும் பிறக்கின்றன. 1912ஆம் ஆண்டில் இதனை விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு வேதியியலார். ஆயினும் இனிப்பு எளிதிற் கருகும். ஆகவே முதலில் மூடிவைத்து, மெல்லிய தணலிற் சுமார் ஒன்றரை மணி நேரம் வேகவிடுதல் வேண்டும். எலும்பிலிருந்து தசை நெகிழ்ந்த பின்னரே, மேலும் சிறிது பாணி பூசிச் சிரட்டைக் கரியின் கனலிற் சில நிமிடம் வாட்டுதல் முறை.

ஒன்றை மறத்தலாகாது. பச்சை இறைச்சி ஊறிய சாற்றை அப்படியே குழம்பாக ஊற்றுதல் கேடு விளைக்கும். நன்கு கொதிக்க வைத்த பின்னரே பரிமாறுதல் வேண்டும்.

இனி, பக்கத்து வீட்டாரையும் எண்ணிப் பார்த்தல் தகும். ஒரே மாடிக் கட்டடத்திற் கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நகரம் இது. பன்றி விலாவை ஒரு வீடு விரும்பும். மற்றொன்று அதன் வாடையையும் விலக்கும். சீனர் சேர்க்கும் அரிசி மதுவை மேற்சொன்ன அளவில் விட்டதும் இதனாலேயே. சோயா சோஸிலும் மது சேர்ந்த வகை உண்டாதலின், போத்தலின் சீட்டை வாசித்து வாங்குதல் வேண்டும். முஸ்லிம் விருந்தினர்க்கு ஹலால் கோழியோ ஆட்டு விலாவோ ஏற்றது. சைவ உணவினர்க்குப் பலாப்பிஞ்சை அவித்து இதே சாற்றில் ஊறவைத்து வாட்டலாம். ஆனால் பன்றியிறைச்சி பட்ட பாத்திரமும் வாட்டுங் கம்பியும் பிறர் உணவிற் படலாகாது. சுவை குறைந்தால் விருந்தினர் பொறுப்பர்; நம்பிக்கை குலைந்தாற் பொறுப்பது அரிது.

கொழும்பு நூதனசாலையில் 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனக் கல்வெட்டு ஒன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொணர்ந்த அக்கல், 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதிலே சீன மொழி புத்தரையும், தமிழ் தெனவரை நாயனாரையும், பாரசீகம் இசுலாத்தையும் போற்றுகின்றன. மூவிடத்துக்கும் ஏறத்தாழ ஒரேவகைக் காணிக்கை. ஒவ்வொன்றும் அவரவர் மொழியில், அவரவர் முறையில். கடல் கடந்து வந்தவர் அறிந்து நடந்த அம்மரியாதை, சுவருக்கு அப்பால் வாழ்பவர்க்கும் உரியது. சாறு ஒன்றாயிருக்கட்டும், பாத்திரம் வேறாயிருக்கட்டும்.